நீ மேடையில் சொல்லப்போகும் இரண்டு பொய்கள்

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை ஞாயிறு பத்திரிகைக்கும் அனுப்பியிருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபப்படாதே. உனக்கு மட்டும் அனுப்பினால், "சரிம்மா, போயிட்டு வந்து பேசிக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நீ இதை மடித்து வைத்துவிடுவாயோ என்று எனக்குச் சந்தேகம். பெற்ற பிள்ளையையே நம்பாத அம்மா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். சுங்கை செம்பிலாங் மீன்துறையில் இன்று காலைதான் பிடித்தது என்று மீன்காரர் சாமி மேல் சத்தியம் செய்தாலும், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் மீன் வாங்கியதில்லை. நாற்பது வருடம் தோட்டத்தில் வேலை செய்தவளுக்கு இந்தக் குணம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இதில் நம் வீட்டார் யார் பெயரையும் நான் எழுதவில்லை, தோட்டத்தின் பெயரையும் எழுதவில்லை. கோலசிலாங்கூர் பக்கம் என்றால் இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. உன் அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் நீ விமானம் ஏறுகிறாய். நீ வேலை செய்யும் அமைப்பு நடத்துகிற பெரிய கூட்டத்தில், பல நாட்டுக்காரர்கள் முன்னால், நம் தோட்டத்துப் பெண்களைப் பற்றியும் விளையாட்டில் ஆணும் பெண்ணும் சமம் என்பதைப் பற்றியும் பேசப்போகிறாய். பேசிப் பழகியதைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பியிருந்தாய். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் செரண்டாவிலிருந்து மோட்டாரில் வந்தபோது அதை எனக்குப் போட்டுக் காட்டினாள். கோட்டு மாட்டிக்கொண்டு நீ ஆங்கிலத்தில் பேசியதைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பாதியில் உன் பின்னால் இருந்த திரையில் உன் அப்பாவின் படம் வந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த படம், முகத்தைக் கடுகடுவென்று வைத்திருப்பாரே, அது. அதுவரை ஒவ்வொரு வரியாக எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்த அக்கா அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டாள். "என்னா சொல்றான்?" என்று கேட்டேன். "அப்பா என்னைய ஓட விடலன்னு சொல்றாம்மா. அப்பா மாதிரி ஆளுங்களாலதான் தோட்டத்துப் பொம்பளப் பிள்ளைங்க வெளையாட்டுல மேல வர முடியலன்னு சொல்றான்" என்றாள்.

தம்பி, உன் பேச்சில் இரண்டு பொய்கள் இருக்கின்றன. இரண்டையும் நீ உண்மை என்று நம்பித்தான் பேசுகிறாய். இரண்டையும் உனக்குக் கொடுத்தவள் நான். சின்னதை முதலில் சொல்கிறேன், பெரியதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தைரியம் வரவேண்டும்.

நீயும் உன் அமைப்பும் முதன்முதலில் தோட்டத்துத் திடலுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? முழங்கால் அளவு புல் வளர்ந்து கிடந்த திடல் அது. வெட்டித் தரச் சொல்லி ஆபீசில் எத்தனையோ தடவை கேட்டோம், ஆள் இல்லை, மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவந்தார்கள். வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் இரண்டே நாளில் தலை சீவியதுபோல் வெட்டிவிட்டார்கள். அப்போதே எனக்கு உறுத்தியது. பிறகு உங்கள் பதாகை வந்தது, எங்களுக்குச் சப்பாத்து வந்தது. சப்பாத்தைக் காலில் போடுமுன் கையில் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தீர்கள். எதற்கு இதெல்லாம், எந்த நாட்டிலோ இருக்கிறவர்களுக்கு நான் ஓடினால் என்ன ஓடாவிட்டால் என்ன என்று நான் உன்னைக் கேட்டேன். "எல்லாத்துக்கும் சந்தேகப்படாதம்மா, நல்லதுக்குத்தான் செய்றாங்க" என்றாய். நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு இந்தத் தோட்டத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியாது. நீ விடுதியில் படித்துக்கொண்டிருந்தாய்.

அதற்கப்புறம் அந்தக் கைப்பட்டைகள். நாங்கள் ஒரு நாளில் எவ்வளவு நடக்கிறோம் என்று பார்க்க ஆளுக்கு ஒன்று கட்டினீர்கள். ஒரு மாதம் கழற்றக்கூடாது, குளிக்கும்போதும் கழற்றக்கூடாது என்று உன் மேலதிகாரியான வெள்ளைக்கார அம்மா சொன்னார், நீ தமிழில் சொன்னாய். நல்ல பெண்மணிதான், எங்கள் கையைப் பிடித்துப் பிடித்துக் கட்டினார். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் முன்னால் நிற்கும் எங்களைத்தான் பார்த்தீர்கள். உங்களுக்குப் பின்னால் மண்டோர் நின்றதைப் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தோம். எங்கள் வேலையை மேற்பார்க்கிற மனுஷன் அவர், நாளைக்கும் அவர் முகத்தில்தான் விழிக்கவேண்டும். நீங்கள் வண்டி ஏறிப் போனதும் அவர் என் பக்கத்தில் நின்ற லெட்சுமியிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்னா லெச்சுமி, இது யாரு எங்க எவ்ளோ நேரம் குந்தியிருக்காங்கன்னு காட்டுமோ? காட்டுனா எனக்கும் ஒண்ணு குடுக்கச் சொல்லுலா." விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பார். விளையாட்டு இல்லாமலும் கேட்டிருக்கலாம். எது என்று காத்திருந்து பார்க்க எங்களில் யாருக்கும் பொறுமை இல்லை.

செம்பனைக் குலையை வெட்டித் தள்ளும்போது சிதறுகிற பழங்களைக் குனிந்து பொறுக்கிச் சாக்கில் போட்டு, சாக்கை ரோட்டோரம் வரை இழுத்து வருவதுதான் எங்கள் வேலை என்பது உனக்குத் தெரியும். காலையிலிருந்து எத்தனை வரிசை நடக்கிறோம் என்று நாங்கள் எண்ணியதில்லை. பசியாற உட்காரும்போது கால் கொஞ்சம் நீண்டுவிட்டால், அந்தப் பத்து நிமிடம் கூடக் கம்ப்யூட்டரில் ஏறிவிடுமோ என்று பயம். ஆகவே ஒரு முடிவு எடுத்தோம். எடுத்தோம் என்ன, நான்தான் எடுத்தேன். செம்பனைக் காட்டுக்குள் இறங்குமுன் எல்லாரும் பட்டையைக் கழற்றி என் சாப்பாட்டுக் கூடையில் போட்டுவிடுவது, வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது எடுத்துக் கட்டிக்கொள்வது. ஒரு மாதம் முழுக்க அந்தப் பட்டைகள் என் மீன் சம்பலுக்குப் பக்கத்தில் நிழலில் படுத்துக் கிடந்தன. லெட்சுமி மட்டும் காலை அவசரத்தில் தன்னுடையதை வீட்டுக் கன்றுக்குட்டியின் காலில் மாட்டிவிட்டு வந்துவிடுவாள். அது நாள் பூராவும் லயத்து வீடுகளைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

மாதக் கடைசியில் அந்த அம்மா என்னிடம் வந்து, யாராவது இடையில் கழற்றினீர்களா என்று கேட்டார். எல்லார் சார்பிலும் நான், "ஒருத்தரும் கழட்டல" என்றேன். நீ அதை ஆங்கிலத்தில் சொன்னாய். நீ என்னைச் சந்தேகப்படவே இல்லை. தோட்டத்துப் பெண்கள் கிட்டத்தட்ட அசைவதே இல்லை, ஒரு பெண் மட்டும் நம்பிக்கை தரும் விதத்தில் சுறுசுறுப்பாக இருக்கிறார் என்று உன் அறிக்கையில் எழுதியிருக்கிறாயாமே. அந்தப் பெண் கன்றுக்குட்டி, தம்பி. லெட்சுமியை மேடையில் நிறுத்தி மாலை போட்டீர்களே, அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்து நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது சிரிப்பாக இல்லை. இவர்களுக்கு உடம்பை அசைக்கச் சொல்லித்தரவேண்டும் என்று முடிவுசெய்து, சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் போட்டு ஆடச்சொல்ல ஒரு பெண்ணை அனுப்பினீர்கள். வாரம் முழுவதும் குனிந்து நிமிர்ந்து இடுப்பு விட்டுப்போனவர்கள் வரிசையாக நின்று கையைத் தூக்கித் தூக்கி இறக்கினார்கள். பாவம், அந்தப் பெண்ணைக் குறைசொல்லிப் பயனில்லை.

எங்களுக்கு வேண்டியது என்ன என்று யாரும் கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன், கேட்டீர்கள், நான்தான் "நீங்க எது குடுத்தாலும் சரி" என்று பதில் சொன்னேன். உண்மையில் சின்ன வயதுப் பெண்களுக்கு வலைப்பந்து விளையாட ஆசை. அவர்களுடைய அம்மாக்களுக்குக்கூட ஆசை. வேலையில் நடக்கிற நடையும் விளையாட்டில் ஓடுகிற ஓட்டமும் ஒன்றில்லை, அது உங்கள் பட்டைக்குத் தெரியாது. வேலையில் நடக்கிறவள் எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டு நடப்பாள். விளையாடுகிறவள் இருட்டிவிட்டதே என்று வருத்தப்படுவாள். திடலில் வாரத்தில் இரண்டு சாயங்காலம் பையன்களின் பந்தை நிறுத்திவிட்டுப் பெண்களுக்குக் கொடுக்கவேண்டும், அதுதான் அவர்கள் கேட்டது. அதை உங்களிடம் சொன்னால் பையன்களின் அப்பாக்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள் என்று நான் விழுங்கிவிட்டேன்.

இனிப் பெரியதைச் சொல்லவேண்டும். அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது, நீ ஒன்றாம் வகுப்பு. இடைநிலைப்பள்ளியில் அவளை யாரும் ஓட்டத்தில் பிடிக்க முடியாது. உனக்கு ஞாபகம் இருக்காது, லயத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் இடையில் இருக்கும் செம்மண் பாதையில் அவள் பள்ளிச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலில் ஓடி வருவாள். நான் வாசலில் நின்று பார்ப்பேன். ஓடும்போது அவள் யாருடைய மகளும் இல்லாதவள்போல் இருப்பாள். எனக்கு அது பிடித்திருந்தது. அது பிடித்திருந்தது என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. அந்த வருடம் உங்களுடையதைப் போலவே ஒரு திட்டம் வந்தது, வேறு நாடு, வேறு பதாகை. வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் பள்ளி பள்ளியாக வந்து பெண்பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்துச் சிலரைப் பொறுக்கினார். அதில் அவளும் ஒருத்தி. ஷா ஆலாம் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சி எடுக்கவேண்டும், பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்து அனுப்பினார்கள்.

நம் வீட்டில் அப்போது இருந்த பழக்கத்தை நீ தெரிந்துகொண்டால்தான் மீதி புரியும். வயதுக்கு வந்த பிறகு அக்கா அப்பாவிடம் நேராக எதையும் கேட்டதில்லை. அவரும் அவளிடம் நேராகச் சொன்னதில்லை. "அப்பாகிட்ட சொல்லுங்கம்மா" என்பாள் அவள், "பிள்ளகிட்ட சொல்லு" என்பார் அவர். இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போதே இது நடக்கும். லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், யாருக்கும் விசித்திரமாகத் தெரிந்ததில்லை. அவர்களுக்கு நடுவில் இருந்த ஒரே வழி நான். அந்தப் பாரத்தையும் அவள் என்னிடம்தான் கொடுத்தாள். நான் அப்பாவிடம் கொடுத்தேன்.

அவர் கையெழுத்துப் போட்டார், தம்பி. ஒரு கேள்விகூடக் கேட்காமல் போட்டார். பேனா எழுதவில்லை என்று பக்கத்து வீட்டுக்குப் போய் வேறு பேனா வாங்கி வந்து போட்டார். மறுநாள் விடியுமுன் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கக் கிளம்பியவர் வாசலில் திரும்பி நின்று, "பாரத்த மறந்துறாத. எம்மவ ஓடட்டும்" என்றார். அவர் போனதும் நான் அந்தப் பாரத்தை வெந்நீர் அடுப்பில் வைத்தேன்.

ஏன் என்று நீ கேட்பாய். காரணம் என்று அப்போது என்னிடம் ஒரு மூட்டை இருந்தது. அந்தப் பயிற்சியாளர் யார், எவர், நமக்கு என்ன தெரியும்? பெண்பிள்ளைகளைப் பொறுக்குகிறவன் எதற்காகப் பொறுக்குகிறான்? குட்டைக் கால்சட்டை போட்டு எந்த ஆண்கள் முன்னால் ஓடவிடுவார்கள்? விடுதிக் கதவுக்குப் பூட்டு உண்டா? விடுதி என்று நம்பி வெளியூர்த் தொழிற்சாலைக்கு அனுப்பிய பெண் ஒருத்தி அழுதுகொண்டே திரும்பி வந்ததை அதற்கு முந்தின வருடம்தான் லயமே பார்த்திருந்தது. இவை எல்லாம் நியாயமான கேள்விகள்தான், இன்றைக்கும் நான் கேட்பேன், நீயும் கேட்கவேண்டும். என் தப்பு சந்தேகப்பட்டது இல்லை. சந்தேகப்பட்டவள் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கவேண்டும், பஸ் ஏறிப் போய் விடுதியைப் பார்த்துவிட்டு வந்திருக்கவேண்டும். மீனின் செவுளைத் தூக்கத் தெரிந்தவளுக்கு அது தெரியாமல் போயிற்று. கேட்டால் சரியான பதில் வந்துவிடுமோ, வந்துவிட்டால் அவளை அனுப்பவேண்டியிருக்குமே என்றும் பயந்தேன். அவள் போய்விட்டால் வீட்டில் எனக்கு யார் துணை என்ற நினைப்பும் அதற்குள் ஒளிந்திருந்தது. இதை இதுவரை நான் சாமியிடம்கூடச் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் அக்காவிடம், "அப்பா வேணான்னுட்டாரு" என்றேன். அப்பாவிடம், "எடம் இல்லைன்னுட்டாங்க, நம்ம பிள்ளைங்கன்னா ஒதுக்கத்தானே செய்வாங்க" என்றேன். இப்படி நடப்பதும் உண்டு என்பதால் அவர் உடனே நம்பினார். பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்கிறேன் என்று சட்டையை மாட்டினார், நான்தான் பிள்ளைக்கு அசிங்கம் என்று தடுத்தேன். சாப்பிடும்போது, என்றைக்கும் இல்லாமல், அவர் அவளைப் பார்த்தே ஒரு வார்த்தை சொன்னார்: "பரவால்ல ஆயி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்." வேண்டாம் என்று சொல்லிவிட்டு இப்படியும் ஒரு மனுஷன் பேசுவானா என்று அவளுக்குக் கோபம். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். ஏன் எழுந்துபோகிறாள் என்று புரியாமல் அவர் என்னைப் பார்த்தார். நான் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் யாரும் வரவில்லை. அவள் ஓடுவதை விட்டாள், படிப்பு முடிந்ததும் தொழிற்சாலைக்குப் போனாள். சில வருடம் கழித்து உனக்குக் கால்பந்து விடுதியிலிருந்து கடிதம் வந்தது. அதை நான் அன்றைக்கே கொண்டுபோய்ப் பள்ளியில் கொடுத்தேன். விடுதிக் கதவைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்தப் பந்துதான் உன்னைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோனது, இந்த வேலையையும் கொடுத்தது. நீ மேடையில் சமத்துவம் என்று சொல்கிறாயே, அது இல்லாமல் போன வீடு எது என்று தேடி எங்கேயும் போகவேண்டாம். அப்பா இறக்கும்வரை அக்கா அவரிடம் கடமைக்குப் பேசினாள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் என்னிடம், "எம்மேல பிள்ளைக்கு என்னா கோவம்?" என்று கேட்டார். "கோவமெல்லாம் இல்ல, அவ கொணமே அப்படி" என்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

போன ஞாயிறு, உன் பேச்சு கைப்பேசியில் முடிந்ததும், நான் அக்காவிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பேனா எழுதலன்னு பக்கத்து வூட்டுக்குப் போனாராம்மா?" ஆமாம் என்றேன். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் பக்கத்தில் போனேன், தொடவேண்டாம் என்று கையைக் காட்டினாள். கிளம்பும்போது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "தம்பிகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். இனிமே யாருக்காகவும் யாரும் நடுவுல பேச வேணாம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் எனக்கு ஒரு தடவைதான் போன் செய்தாள், இந்தக் கடிதத்துக்குச் சம்மதம் சொல்ல. மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

நீ போகிற இடங்களில் எல்லாம் ஒரு பெண் முன்னால் வந்து நிற்பாள். எல்லார் சார்பிலும் பேசுவாள், தேநீர் கொடுப்பாள், "எங்களுக்கு எல்லாம் சம்மதம்" என்பாள். அவளை வைத்துக்கொண்டு வேலையைச் சுலபமாக முடித்துவிடலாம் என்று தோன்றும். அவளை நம்பாதே. அவளைத் தாண்டிப் போய்ப் பின்னால் நிற்கிறவளிடம் கேள், தனியாகக் கேள், மண்டோர் இல்லாத நேரத்தில் கேள். உன் அமைப்பையும் அப்படியே சந்தேகப்படு. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம், இருந்தாலும் நேரில் கேட்டுத் தெரிந்துகொள், என்னைப்போல் அடுப்பில் வைத்துவிடாதே. பட்டைகளைப் பற்றிய உண்மையை இந்த வாரமே அந்த அம்மாவிடம் சொல். எங்கள்மேல் கோபப்பட்டு அவர்கள் திட்டத்தை வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோனால் போகட்டும். பொய்க் கணக்கில் வந்த சப்பாத்தை நாங்கள் திருப்பிக் கொடுக்கிறோம். திடலைக் கேட்டு ஆபீசுக்கு நானே போகிறேன், பையன்களின் அப்பாக்கள் சண்டைக்கு வரட்டும்.

மேடையில் உன் அக்காவின் கதையைச் சொல்லலாம், அவள் சம்மதித்துவிட்டாள். ஆனால் அந்த இடம் வரும்போது உன் பின்னால் அவர் முகம் தெரியக்கூடாது. தன் மகள் ஏன் பேசவில்லை என்று தெரியாமலே செத்துப்போன மனுஷனை, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் குற்றவாளியாக நிறுத்தாதே. அப்பாவின் படத்தை எடுத்துவிட்டு என் படத்தைப் போடு. எழுதிய வாக்கியத்தில் அப்பா என்பதை அம்மா என்று மாற்று, வேறு எதையும் மாற்றவேண்டாம்.

உன் அம்மா